கருப்பைக் கழுத்துப் பயொப்சி: கொழும்புத் தமிழ்ப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுகவனிதையர் கிளினிக்கில் எடுத்த பாப் பரிசோதனையில் ஏதோ மாற்றம் தெரிகிறது, கொல்பொஸ்கோபி (கருப்பையின் வாய்ப்பகுதியான கருப்பைக் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது) செய்ய வேண்டும், தேவையென்றால் பயொப்சியும் (அங்கிருந்து ஒரு சிறு துண்டு) எடுப்பார்கள் என்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் ஒவ்வொன்றாக வருகின்றன. யாரிடம் கேட்பது என்றும் தெரிவதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் உள்ள நம் பெண்கள் தங்களுக்குள் மெதுவாகக் கேட்டுக்கொள்ளும் கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறோம். உங்கள் உடம்பைப் பற்றிய முடிவை உங்கள் டொக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். அவரிடம் எதையெல்லாம் கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

பயொப்சி எடுக்கச் சொன்னால் எனக்குப் புற்றுநோய் என்று அர்த்தமா?

இல்லை. கருப்பைக் கழுத்தில் பயொப்சி எடுக்கும் பெண்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. பலருக்கு வெறும் அழற்சி இருக்கும். இன்னும் பலருக்குப் புற்றுநோயாக மாறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்திய மாற்றங்கள் இருக்கும். சிலருக்கு ஒன்றுமே இருக்காது.

பாப் பரிசோதனையில் கருப்பைக் கழுத்தின் மேற்பரப்பிலிருந்து உதிரியான கலங்களைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கலங்கள் வழமைபோல் இல்லை என்று சொல்ல முடியும். அதற்குக் கீழே என்ன நடக்கிறது, மாற்றம் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ள இழையத்தில் ஒரு சிறு துண்டு வேண்டும். பயொப்சி அதற்காகத்தான்.

இந்த நோய் மெதுவாக வரும் நோய். உடலில் நோய் எதிர்ப்புச் சக்தி சாதாரணமாக உள்ள பெண்ணுக்கு, இதற்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸின் தொற்றிலிருந்து புற்றுநோய் வரைக்கும் போகப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி வேறு காரணங்களால் மிகவும் குறைந்தவர்களுக்கும் அது 5 முதல் 10 ஆண்டுகளாகக் குறையலாம். இத்தனை ஆண்டுகளுக்கு இடையில் எங்கேயாவது பிடித்துவிட்டால் நோய் வருவதையே தடுத்துவிடலாம். எனவே கடிதம் வந்ததைவிட, அந்தக் கடிதத்தை அலுமாரியில் வைத்துவிட்டுப் போகாமல் இருப்பதுதான் எங்களுக்குக் கவலையான விஷயம்.

என்ன காரணங்களுக்காக அனுப்புவார்கள்?

பாப் பரிசோதனையில் கலங்கள் கூடுதலாக மாறியிருந்தால் அனுப்புவார்கள். சிறிய மாற்றமே திரும்பத் திரும்ப வந்தாலும் அனுப்புவார்கள். எச்.பி.வி. பரிசோதனையில் 16, 18 ஆகிய வகைகள் இருந்தாலும் அப்படித்தான். உடலுறவுக்குப் பிறகு இரத்தம் படுவது, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் வருவது, பரிசோதிக்கும்போது கருப்பைக் கழுத்தில் புண் போலவோ கட்டி போலவோ தெரிவது ஆகியவையும் காரணங்கள்தான். இப்படி அறிகுறி இருப்பவர்களுக்குப் பாப் முடிவு நோர்மல் என்று வந்திருந்தாலும் டொக்டர் மேலே பார்க்கச் சொல்லலாம். அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

எச்.பி.வி. என்றால் என்ன? எனக்கு அது வந்திருக்கிறதென்றால் கணவரைச் சந்தேகிக்க வேண்டுமா?

எச்.பி.வி. ஒரு வைரஸ். நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய 14 வகைகள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. உலகில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் 70 சதவீதமளவுக்கு 16, 18 ஆகிய இரண்டு வகைகளே காரணம். இந்த வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைரஸ் பாலுறவின்போது தோலோடு தோல் படுவதால் தொற்றுகிறது. பாலுறவில் ஈடுபட்ட பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இது தொற்றுகிறது. அறிகுறி எதுவும் தெரியாமல், பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே அதைத் துரத்திவிடுகிறது. சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. அந்தச் சிலரைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பரிசோதனையும்.

இது எப்போது தொற்றியது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்து பிறகு பரிசோதனையில் தெரியவரலாம். கலியாணத்துக்கு முன் கணவருக்கோ மனைவிக்கோ இருந்த தொற்று பத்து வருடம் கழித்து இன்றைக்குத் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை. ஆகவே இந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. ஒரு வைரஸின் பெயரால் வீட்டில் சண்டை மூண்டு, அந்தச் சண்டையில் சிகிச்சையே மறந்துபோனால் பாதிக்கப்படப் போகிறவள் அந்தப் பெண்தான்.

கொழும்பில் எங்கே செய்வார்கள்? அரச ஆஸ்பத்திரியா, சனல் பண்ண வேண்டுமா?

இரண்டும் உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்களை முக்கியமாக அழைத்துப் பரிசோதிக்கிறார்கள். 1996இலிருந்து நடக்கும் இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம், கேட்டால் எந்த நாளில் எங்கே என்று சொல்வார். அங்கே பயொப்சி எடுப்பதில்லை. தேவைப்பட்டால் பெண்நோயியல் பிரிவுள்ள பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுப்பார்கள். பொரளையில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, டி சொய்சா வைத்தியசாலை, தெற்கே களுபோவில போதனா வைத்தியசாலை என்று கொழும்பில் இருப்பவர்களுக்கு அரச வைத்தியசாலைகள் பக்கத்திலேயே உள்ளன. அங்கே செலவு இல்லை, காத்திருக்க வேண்டும்.

தனியாரிடம் போவதானால் பெண்நோயியல் நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணலாம். முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: டொக்டர் கட்டணம், கொல்பொஸ்கோபிக் கட்டணம், எடுத்த துண்டை ஆய்வுகூடத்தில் பார்க்கும் கட்டணம் ஆகிய மூன்றும் சேர்த்தா, தனித்தனியா? பல இடங்களில் தனித்தனி. முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டு போய்க் கவுண்டரில் திகைத்து நிற்பவர்கள் நிறைய. தனியாரில் பாப் எடுத்துவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போவதிலும் தவறில்லை. பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள்.

போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

மாதவிடாய் இல்லாத நாளாகப் பாருங்கள். இரத்தம் அதிகமாக இருந்தால் கருப்பைக் கழுத்து சரியாகத் தெரியாது. குறித்த திகதியில் மாதவிடாய் வந்துவிட்டால் போகாமல் விட்டுவிடாதீர்கள், கிளினிக்குக்குச் சொல்லி வேறு திகதி எடுங்கள். அதற்கு முந்திய ஒன்றிரண்டு நாட்களுக்கு உடலுறவு வேண்டாம். யோனிக்குள் வைக்கும் மாத்திரை, கிரீம், உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவுவது எதுவும் வேண்டாம்.

வழமைபோல் சாப்பிடலாம். சொல்லப்போனால் வெறும் வயிற்றோடு போகாமல் இருப்பதே நல்லது, சிலருக்குத் தலைசுற்றும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்போகிறார்கள் என்றால் மட்டும் பட்டினி கிடக்கச் சொல்வார்கள். வலிக்குப் பயமாக இருந்தால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு முன் பனடோல் போடலாமா, ஐபுப்ரூஃபன் போடலாமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ்ட்ரைட்டிஸ், இழுப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஐபுப்ரூஃபன் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

கட்டாயம் சொல்ல வேண்டியவை சில உள்ளன. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள். அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து எடுத்தால் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக அதை நிறுத்தாதீர்கள். அயடீன் ஒவ்வாமை இருந்தாலும் சொல்லுங்கள். உடுப்பைப் பொறுத்தவரை அகலமான பாவாடையோ ஸ்கர்ட்டோ இருந்தால் முழுவதையும் கழற்றத் தேவையிருக்காது. பையில் இரண்டு பேட் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்?

முதலில் உங்களோடு பேசுவார்கள். கடைசி மாதவிடாய் எப்போது, பிள்ளைகள் எத்தனை, வேறு வருத்தங்கள் உண்டா என்று கேட்டு, சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அது விளங்காத மொழியில் இருந்தால் கையெழுத்துக்கு முன் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை.

பிறகு மேசையில் படுத்து, கால்களை மடக்கி அகற்றி வைக்க வேண்டும். சில மேசைகளில் கால் வைக்கத் தாங்கி இருக்கும். பாப் பரிசோதனைக்குப் போட்ட அதே ஸ்பெகியுலம் என்ற கருவியைப் போட்டு யோனியை மெதுவாக விரித்துப் பிடிப்பார்கள். கொல்பொஸ்கோப் என்பது வெளிச்சத்தோடு பெரிதாக்கிக் காட்டும் கருவி. அது உடம்புக்குள் வருவதில்லை. வெளியே, ஏறக்குறைய ஓர் அடி தூரத்தில் நிற்கும். 1925இல் ஹம்பேர்க்கில் ஹான்ஸ் ஹின்செல்மன் என்ற டொக்டர் உருவாக்கிய முறை இது. அந்தக் கருவி எவ்வளவோ மாறிவிட்டது, பார்க்கும் விதம் இன்றும் அதுதான்.

அடுத்து 3 முதல் 5 சதவீத அசெற்றிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துத் தடவுவார்கள். வினாகிரியில் உள்ளதும் இதே அமிலம்தான். கொஞ்சம் குளிரும், சிலருக்கு எரியும். ஒரு நிமிடத்தில் மாற்றமடைந்த இடங்கள் வெள்ளையாகத் தெரியும். சில டொக்டர்கள் அயடீனும் தடவுவார்கள். ஆரோக்கியமான கலங்கள் அயடீனை உறிஞ்சிக் கடும் கபில நிறமாகும், மாறிய இடங்கள் மஞ்சளாக நிற்கும்.

சந்தேகமான இடம் தெரிந்தால் நுனியில் கூர்மையுள்ள நீண்ட கருவியால் 2 முதல் 4 மில்லிமீற்றர் அளவுள்ள துண்டு ஒன்றை எடுப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் எடுக்கலாம். இரண்டு மூன்று துண்டு எடுத்தால் 'கடுமையாக இருக்கிறது போல' என்று எண்ணிவிடாதீர்கள். கூடுதலான இடங்களில் எடுத்தால் தவறவிடும் வாய்ப்பு குறையும். சிலருக்குக் கழுத்தின் உள்வழியைச் சுரண்டி மாதிரி எடுப்பதும் உண்டு. இரத்தத்தை நிறுத்த வெள்ளி நைத்திரேற்றையோ, மொன்செல் கரைசல் எனப்படும் மஞ்சள் கலந்த கபில நிற மருந்தையோ தடவுவார்கள். எல்லாம் சேர்ந்து 10 முதல் 20 நிமிடம். தையல் இல்லை. பொதுவாக வார்டில் தங்க வேண்டியதும் இல்லை.

வலிக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

ஒரே மாதிரி இல்லை. சிலர் 'எப்போது எடுத்தீர்கள்?' என்று கேட்கிறார்கள். சிலருக்கு ஒரு கணம் கிள்ளியதுபோல் இருந்து, பிறகு மாதவிடாய் நாளில் வருவதுபோல் அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும். உள்வழியைச் சுரண்டும்போது இந்தப் பிடிப்பு கூடுதலாக இருக்கும். சில பெண்களுக்கு நன்றாகவே வலிக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 'ஒன்றும் இல்லை, சின்ன விஷயம்' என்று சொல்லி அனுப்பி, அங்கே வலித்தால், 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொள்கிறாள்.

வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். நிறுத்தச் சொல்லலாம். மரக்கச் செய்யும் ஊசி போட முடியுமா என்று முன்னாலேயே கேட்கலாம். துண்டு எடுக்கும் நேரத்தில் மூச்சை அடக்காமல் மெதுவாக வெளியே விட்டால் இடுப்புத் தசைகள் இளகும். முன்பு பாலியல் வன்முறையை அனுபவித்தவர்களுக்கும், பிரசவத்தில் கசப்பான அனுபவம் உள்ளவர்களுக்கும் இந்தப் பரிசோதனை மனதை மிகவும் உலுக்கும். காரணத்தை விளக்கத் தேவையில்லை, 'எனக்கு இது கஷ்டம், மெதுவாகச் செய்யுங்கள்' என்று மட்டும் சொன்னால் போதும்.

டொக்டர் ஆணாக இருந்தால்? சிங்களம் தெரியாவிட்டால்?

பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கலாம். அரச கிளினிக்கில் அன்றைக்கு யார் கடமையோ அவர்தான் என்பதால் எப்போதும் கிடைக்காது. ஆனால் ஆண் டொக்டர் பரிசோதித்தால் பெண் தாதி ஒருவர் அறையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தயங்காமல் கேளுங்கள்.

மொழிதான் பலரைப் பின்வாங்க வைக்கிறது. தமிழ் பேசும் தாதியோ உத்தியோகத்தரோ யாராவது உண்டா என்று கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ஒருவர் இருப்பார். இல்லாவிட்டால் சிங்களம் தெரிந்த பெண் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். பதினான்கு வயது மகளையோ மகனையோ மொழிபெயர்க்கக் கூட்டிப் போவதை நாங்கள் விரும்பவில்லை. தாயிடம் மிக அந்தரங்கமாகக் கேட்கப்படும் கேள்விகளைப் பிள்ளை சொல்ல வேண்டி வரும். தாயும் பாதியை மறைப்பாள். மறைத்த பாதியில்தான் டொக்டருக்குத் தேவையான தகவல் இருக்கும்.

கலியாணமாகாத பெண்ணுக்கும் எடுப்பார்களா?

தேவையென்றால் எடுப்பார்கள். பாலுறவில் ஈடுபட்டதே இல்லை என்றால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் குறைவு, பெரும்பாலும் பாப் பரிசோதனைகூடத் தேவைப்படாது. டொக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். தாய் பக்கத்தில் இருப்பதால் சொல்ல முடியவில்லை என்றால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் சொல்வதை உங்கள் வீட்டாரிடம் டொக்டர் சொல்லக்கூடாது.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். என்ன செய்வது?

கொல்பொஸ்கோபி கர்ப்பத்தில் பாதுகாப்பானது. புற்றுநோய்ச் சந்தேகம் பலமாக இருந்தால் மட்டுமே துண்டு எடுப்பார்கள். கர்ப்பத்தில் இரத்த ஓட்டம் கூடுதலாக இருப்பதால் சற்று அதிகமாக இரத்தம் வரலாம். உள்வழியைச் சுரண்ட மாட்டார்கள். மற்றவர்களுக்குப் பொதுவாகப் பிள்ளை பிறந்து சில வாரங்கள் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். அந்தத் திரும்பப் பார்க்கும் திகதியைத்தான் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார் அதிகமாகத் தவறவிடுகிறார்கள். யாரையாவது நினைவுபடுத்தச் சொல்லி வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருக்கும்?

சில நாட்களுக்கு லேசாக இரத்தம் படலாம். தடவிய மருந்தினால் கோப்பிச் சக்கை போன்ற கரிய கசிவு வரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது மருந்துதான். அன்றைக்கே பஸ்ஸிலோ ஓட்டோவிலோ வீட்டுக்கு வரலாம். பலர் மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். முடிந்தால் அன்று மட்டும் வீட்டு வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு உடலுறவு வேண்டாம், உள்ளே வைக்கும் டம்போன் வேண்டாம். குளிக்கலாம். எத்தனை நாள் என்று உங்கள் டொக்டர் வேறாகச் சொல்லியிருந்தால் அதையே கடைப்பிடியுங்கள்.

இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்: மணிக்கு ஒரு பேட் நனையுமளவுக்கு இரத்தம், கட்டி கட்டியாக இரத்தம், 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, பனடோலுக்கும் அடங்காத அடிவயிற்று வலி. இவை அரிதாகத்தான் வரும். வந்தால் இரவோ ஞாயிற்றுக்கிழமையோ பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலைசுற்றி விழுமளவுக்கு இரத்தம் போனால் 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

இந்த இரத்தம் மாதவிடாய்க் கணக்கில் வருமா? கோயிலுக்குப் போகலாமா, நோன்பு பிடிக்கலாமா?

மருத்துவத்தில் இது மாதவிடாய் அல்ல. ஒரு சிறு காயத்திலிருந்து வரும் இரத்தம். கோயிலுக்குப் போவதற்கு உடம்பு இடம் கொடுத்தால் எந்தத் தடையும் இல்லை, மற்றது உங்கள் மனதைப் பொறுத்தது. றமழான் மாதத்தில் நோன்பு பற்றிக் கேள்வி இருந்தால் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். அவசரம் இல்லை என்று டொக்டர் சொன்னால் பெருநாளுக்குப் பிறகு திகதி எடுக்கலாம். அவசரம் என்றால் தள்ளிப்போட வேண்டாம்.

ரிப்போர்ட் எப்போது வரும்? அதில் என்ன எழுதியிருக்கும்?

எடுத்த துண்டை ஃபோர்மலினில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். இதற்கு நாட்கள் எடுக்கும், வாரங்களும் ஆகலாம். எப்போது, எந்தக் கவுண்டரில், எந்தச் சீட்டைக் காட்டி ரிப்போர்ட்டை எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே எழுதி வாங்குங்கள். தொலைபேசியில் அழைப்பு வராவிட்டால் 'நல்லதாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் கூப்பிட்டிருப்பார்கள்' என்று நினைத்துவிட வேண்டாம். ரிப்போர்ட் யாருடைய மேசையிலாவது கிடக்கலாம். நீங்களே போய் எடுத்து, டொக்டரிடம் காட்டும்வரை பயொப்சி முடியவில்லை.

ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும். 'சேர்விசைட்டிஸ்' என்றால் அழற்சி. 'ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா' என்று வந்தால் பயம் வேண்டாம், அது வழமையான மாற்றம். 'சி.ஐ.என்.' என்பதுதான் முக்கியம். மேற்தோலில் மட்டும் இருக்கும், புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் அது. 1, 2, 3 என்று தரம் பிரிப்பார்கள். இவை புற்றுநோயின் கட்டங்கள் அல்ல. சி.ஐ.என். 3 என்ற ரிப்போர்ட்டைக் கண்டு 'மூன்றாம் கட்டப் புற்றுநோய்' என்று குடும்பமே அழுத கதைகள் உண்டு.

சி.ஐ.என். 1 பெரும்பாலும் தானாக மறையும், அதனால் கவனித்துக்கொண்டிருப்பார்கள். சி.ஐ.என். 2, 3க்குப் பொதுவாகச் சிகிச்சை செய்வார்கள். பிள்ளை பெற விரும்பும் இளம் பெண்ணுக்கு சி.ஐ.என். 2 என்றால் சில சமயம் நெருக்கமாகக் கவனித்துக்கொண்டு பொறுத்திருப்பார்கள். சி.ஐ.என். 3ஐச் சிகிச்சை செய்யாமல் விட்டால் 30 ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு அது புற்றுநோயாகிறது. 'அடினோகார்சினோமா இன் சிட்டு' என்று வந்தாலும் அது புற்றுநோய்க்கு முந்திய நிலைதான், ஆனால் சுரப்பிக் கலங்களில் இருப்பதால் கட்டாயம் சிகிச்சை வேண்டும். 'இன்வேசிவ்' என்ற சொல் இருந்தால்தான் புற்றுநோய் உள்ளே பரவத் தொடங்கியிருக்கிறது என்று பொருள்.

லெட்ஸ், கோன் பயொப்சி என்கிறார்களே, அவை வேறா?

இவை கொஞ்சம் பெரியவை. லெட்ஸ் என்பதில் மின்சாரத்தால் சூடான மெல்லிய கம்பி வளையத்தால் மாறிய பகுதி முழுவதையும் சீவி எடுப்பார்கள். பெரும்பாலும் மரக்கச் செய்யும் ஊசி போதும். கோன் பயொப்சியில் கூம்பு வடிவில் இன்னும் ஆழமாக எடுப்பார்கள், அதற்கு மயக்க மருந்து வேண்டியிருக்கலாம். இரண்டிலும் எடுத்த துண்டும் ஆய்வுகூடத்துக்குப் போகும். ஆகவே பரிசோதனையும் அதுவே, சிகிச்சையும் அதுவே. பிறகு ஏறக்குறைய நான்கு வாரம் உடலுறவு வேண்டாம், பாரம் தூக்குவதையும் குறைக்க வேண்டும். உடம்பில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள்.

இதற்குப் பிறகு பிள்ளை பெற முடியுமா?

சிறு துண்டு எடுக்கும் சாதாரணப் பயொப்சியால் கருத்தரிப்பதில் எந்தப் பாதிப்பும் இல்லை. லெட்ஸுக்குப் பிறகும் பெரும்பாலானோர் வழமைபோல் கருத்தரித்துப் பிள்ளை பெறுகிறார்கள். ஆழமாகவோ பலமுறையோ எடுத்திருந்தால் குறைமாதப் பிரசவ ஆபத்து சற்றுக் கூடும். கர்ப்பமானதும் முதல் கிளினிக்கிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

மகரகமவுக்கு அனுப்பினால் எல்லாம் முடிந்ததா?

மகரகம என்ற பெயரைக் கேட்டாலே நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடுகிறது. அங்கே உள்ள அபேக்ஷா வைத்தியசாலை நாட்டின் முதன்மையான புற்றுநோய் வைத்தியசாலை. அங்கே போய்ச் சுகமாகித் திரும்பியவர்கள் அதைப் பற்றி வெளியே பேசுவதில்லை, அதனால் துக்கக் கதைகள் மட்டுமே நம் காதில் விழுகின்றன. ஆரம்ப நிலையில் பிடிபட்ட கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைச் சத்திரசிகிச்சையாலோ கதிர்ச் சிகிச்சையாலோ பெரும்பாலும் குணப்படுத்த முடியும். கதிர்ச் சிகிச்சையோடு மருந்துச் சிகிச்சையும் சிலருக்குச் சேரும். வெளியூரிலிருந்து கொழும்புக்கு வந்து தங்கிச் சிகிச்சை எடுக்கும் உறவினர் இருந்தால் அவரோடு ஒரு நாள் கிளினிக்கில் போய் உட்காருங்கள். அது பெரிய உதவி.

ரிப்போர்ட் நோர்மல். இனிப் போகத் தேவையில்லைதானே?

தேவை. கொல்பொஸ்கோபியும் பயொப்சியும் சில மாற்றங்களைத் தவறவிடலாம். பாப் அல்லது எச்.பி.வி. முடிவு ஏன் மாறியிருந்தது என்பதற்குப் பதில் கிடைக்காவிட்டால் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு திரும்பப் பார்ப்பார்கள். அந்தத் திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வுகூடத்திலிருந்து 'மாதிரி போதாது' என்று வந்தால் திரும்ப எடுக்க வேண்டியதுதான், அலுப்பாக இருந்தாலும்.

தடுப்பூசி போட்டால் இதெல்லாம் தேவையில்லையா?

இலங்கையில் 2017இலிருந்து தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியைப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். வைரஸ் தொற்றுவதற்கு முன் போடுவதால்தான் அந்த வயது. ஏற்கெனவே வந்த தொற்றையோ மாற்றத்தையோ தடுப்பூசி குணப்படுத்தாது. தடுப்பூசி போட்ட பிள்ளையும் வளர்ந்த பிறகு பரிசோதனைக்குப் போக வேண்டும். ஊசி போட்டால் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்ற வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஆதாரம் இல்லை.

என் அம்மாவுக்கு 62 வயது. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குப் பிறகு இரத்தம் பட்டிருக்கிறது. 'சூடு' என்கிறார். பயொப்சி எடுக்க வேண்டுமா?

முதலில் டொக்டரிடம் கூட்டிப் போங்கள், இந்த வாரமே. மாதவிடாய் நின்ற பிறகு ஒரே ஒரு துளி பட்டாலும் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் யோனியின் தோல் மெலிந்து வறண்டதால் வரும் சாதாரண விஷயமாக இருக்கும். ஆனால் கருப்பைக் கழுத்திலிருந்தும் வரலாம், கருப்பையின் உட்சுவரிலிருந்தும் வரலாம். அதனால் ஸ்கேன் எடுத்து, தேவையென்றால் கருப்பைக்குள்ளிருந்தும் மாதிரி எடுப்பார்கள். அது வேறு பயொப்சி. இந்த வயதில் வறட்சியால் ஸ்பெகியுலம் போடுவது வலிக்கும். சிறிய அளவில் போடச் சொல்லிக் கேளுங்கள். சில வாரங்களுக்கு முன்பே ஈஸ்ட்ரஜன் கிரீம் தடவச் சொல்லும் டொக்டர்களும் உண்டு. அம்மா 'இந்த வயதில் எனக்கெதற்கு' என்று மறுத்தால் மகனைவிட மகளோ மருமகளோ பேசுவது பலனளிக்கும். கூடவே போய் அறை வாசல்வரை நில்லுங்கள். அவர் விரும்பினால் உள்ளேயும் போங்கள்.